ஸ்கேல் வைத்து இழுத்த கோடு: விமானத் தூரம் பற்றிய ஒரு மறுப்பு

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயான தூரம் என்றால், உலகப் படத்தில் அந்த இரண்டு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து இணைக்கும் கோட்டின் நீளம் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் போன்ற ஊர்களில் இது வகுப்பறையோடு நின்றுவிடும் பேச்சு அல்ல. ஆலத்தூர் வட்டத்தில் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர் அது. அங்கிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரச் சாலைப் பயணம்தான். அந்த நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் விமானம் ஏறிப் போனவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. அதனால் தூரக் கணக்கு வீட்டுத் திண்ணையிலும் பேசப்படுகிறது. ‘வானத்தில் என்ன வளைவு நெளிவு, நேராகப் போக வேண்டியதுதானே’ என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

இந்த எண்ணத்துக்குள் மூன்று கூற்றுகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. படத்தில் நேராகத் தெரியும் கோடுதான் மிகக் குறுகிய வழி என்பது ஒன்று. விமானம் அந்தக் குறுகிய வழியிலேயே பறக்கிறது என்பது அடுத்தது. ஆகவே இரு ஊர்களுக்கு இடையே தூரம் என்பது மாறாத ஒரே எண் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. முதல் கூற்று கணிதப்படியே பிழை. மற்ற இரண்டும் நடைமுறை தெரியாததால் வருபவை.

முதல் கூற்றை உடைக்கச் செட்டிகுளத்து வெங்காயம் ஒன்றே போதும். பட்டறையிலிருந்து உருண்டு திரண்ட வெங்காயம் ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதன் சருகின் மேல் மெல்லிய வரிகள் வேர்ப்பக்கத்தில் தொடங்கித் தாள் அறுத்த முனைவரை ஓடுவது தெரியும். நடுவயிற்றில் அவை விலகி நிற்கும், இரண்டு முனைகளிலும் நெருங்கிச் சேரும். பூமியின் தீர்க்கரேகைகள் அமைந்திருப்பதும் இப்படித்தான். அந்தச் சருகைக் கிழியாமல் முழுசாக உரித்து மேசைமேல் தட்டையாக விரிக்க முயன்றால், ஒன்று அது ஓரங்களில் கிழியும், இல்லையென்றால் சுருங்கி மடியும். உருண்டையின் மேற்பரப்பை இழுக்காமல், கிழிக்காமல் தட்டையாக்க வழியே இல்லை. ஜெர்மானியக் கணித மேதை காஸ் இதை 1820களில் நிறுவினார். பூமியை ஒரே தாளில் கிழிசல் இல்லாமல் காட்டும் எந்தப் படமும் எங்கோ ஓரிடத்தில் இழுக்கப்பட்ட படமே.

அதே வெங்காயத்தில் தாள் அறுத்த முனைக்குக் கொஞ்சம் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரே உயரத்தில் பேனாவால் இரண்டு புள்ளிகள் வைத்து நூலால் அளக்கலாம். ஒரு நூலை அந்த உயரத்திலேயே பக்கவாட்டில் சுற்றி மறுபுள்ளிக்குக் கொண்டுபோகலாம். இன்னொன்றை முனையின் மேல் ஏற்றி இறக்கலாம். இரண்டையும் அறுத்துப் பக்கத்தில் வைத்தால், முனை வழியாகப் போன நூல்தான் குட்டை. பூமிக்கும் இதே கணக்கு. 60 பாகை வட அட்சரேகையில் எதிரெதிராக உள்ள இரண்டு இடங்களுக்கு இடையே, அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 10,000 கி.மீ. ஆகும். துருவத்தின் மேலாகப் போனால் சுமார் 6,670 கி.மீ.தான். தட்டைப் படத்தில் முதல் வழி நேர்கோடாகத் தெரியும். இரண்டாவது வழி படத்தின் மேல்விளிம்பு வரை ஏறிப்போய் மறுபடி இறங்குவதால் பெரிய சுற்றாகத் தெரியும். உண்மை அதற்கு நேர்மாறு.

பூமியின் மையத்தையும் இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு பூமியை ஒரு கத்தியால் வெட்டினால், மேற்பரப்பில் அந்த வெட்டு விழும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். இரண்டு ஊர்களுக்கு இடையே தரைமேல் மிகக் குறுகிய வழி, அந்த வட்டத்தின் சிறிய வில்லே. இரண்டு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் இந்த வில்லின் நீளத்தைக் கோளக் கணிதத்தால் கண்டுபிடித்துவிடலாம். விமான நிலையம் என்பது பல நூறு ஏக்கர் பரப்பு. அதில் எந்த இடத்திலிருந்து அளப்பது என்ற கேள்விக்கும் விடை வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆய எண்களோடு ஒரு குறிப்புப் புள்ளி அறிவிக்கப்பட்டிருக்கிறது. தூரம் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்கப்படுகிறது. முனையக் கட்டிடத்தின் வாசலுக்கு இதில் வேலையில்லை.

சுவரில் தொங்கும் படத்தை நம்புகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு வாதத்தை வைப்பார்கள்: ஸ்கேல் கணக்கும் ஏறக்குறையச் சரியாகத்தானே வருகிறது? வருகிறது, ஆனால் ஓர் எல்லைக்குள் மட்டும். திருச்சிக்கும் சிங்கப்பூர் சாங்கிக்கும் இடையே அட்சரேகை வித்தியாசம் சுமார் 9.4 பாகை, தீர்க்கரேகை வித்தியாசம் சுமார் 25.3 பாகை. பாகைக்கு 111 கி.மீ. என்று வைத்துத் தட்டைத் தாளில் மூலைவிட்டம் போட்டால் சுமார் 3,000 கி.மீ. கிடைக்கும். பெருவட்டக் கணக்கில் சுமார் 2,980. வித்தியாசம் 20 கி.மீ.கூட இல்லை, ஏனென்றால் இரண்டு ஊர்களும் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. திருச்சி–துபாய்க்கு அதே மூலைவிட்டக் கணக்கு சுமார் 3,055 கி.மீ. தரும். உண்மையான வில் சுமார் 2,940. பிழை நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இங்கே இன்னொன்றும் தெரிகிறது. கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே துபாயும் திருச்சியிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில்தான் இருக்கின்றன. மூலைவிட்டக் கணக்கு துபாயை 50 கி.மீ.க்கு மேல் தூரமாகக் காட்டுகிறது, உண்மையில் துபாய்தான் 40 கி.மீ. கிட்டே இருக்கிறது.

இனி பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ. மூலைவிட்டக் கணக்கில் சுமார் 18,000 கி.மீ. பெருவட்ட வில்லோ சுமார் 13,990 கி.மீ. ஏறக்குறைய 4,000 கி.மீ. பிழை, அதாவது திருச்சியிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்பும் தூரம். சிறிய தூரங்களில் சரியாக வந்த கணக்கு பெரிய தூரங்களுக்கும் சரியாக வரும் என்று நம்புவதில்தான் கோளாறே இருக்கிறது. திருச்சி–சிங்கப்பூர் கணக்கு ஒத்துப்போனது வழியின் தன்மையால். அதை அளவு முறையின் சிறப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

நேர்கோட்டு எண்ணத்துக்கு ஊற்றுக்கண் மெர்காட்டர் படம். 1569-இல் மெர்காட்டர் அதை வரைந்தது கடலோடிகளுக்காக. திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகும் கப்பலின் வழி அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். அந்த ஒரு வசதிக்காக அவர் பரப்பையும் தூரத்தையும் விட்டுக்கொடுத்தார். கிரீன்லாந்து சுமார் 21.6 லட்சம் சதுர கி.மீ., இந்தியா சுமார் 32.9 லட்சம். மெர்காட்டர் படத்தில் கிரீன்லாந்துதான் பல மடங்கு பெரிதாக நிற்கும். படத்தின் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எதற்காக வரைந்தார்களோ அதை அது ஒழுங்காகச் செய்கிறது. திசைக்காக வரைந்ததைத் தூரத்துக்குப் பயன்படுத்துவதுதான் தவறு. பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அந்தப் படக்கோட்டின் மேலேயே, ஒரே திசைக்கோணத்தில் ஒரு விமானம் பறந்தால் சுமார் 16,100 கி.மீ. பறக்க வேண்டும். வீணாக 2,100 கி.மீ.

இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் விமானத்தின் வழி வில்லாக வளைந்து வடக்கே ஏறுவதைப் பார்த்து, விமானி சுற்றிப் போகிறார் என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர். வளைந்து தெரிவது படம்தான். பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ பெருவட்டம் 71 பாகை வட அட்சரேகை வரை, சைபீரியாவின் ஆர்க்டிக் ஓரம்வரை ஏறுகிறது. அந்த உயரத்தில் மெர்காட்டர் படம் எல்லாவற்றையும் மூன்று மடங்காக இழுத்துக் காட்டும். வழி நீண்டு தெரிவதற்குக் காரணம் அதுவே.

‘பூமியின் வளைவெல்லாம் புத்தகச் சமாசாரம், நம் பக்கத்துக்கு அது எதற்கு’ என்று ஒதுக்குவதும் சரியல்ல. அந்த வளைவை அளந்த வேலை தமிழ் மண்ணில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளவு விரிந்தது. மலை இல்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களே அளவு மேடைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது, கோணங்களை அளக்கும், ஏறக்குறைய அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கருவி கயிறு அறுந்து மோதிச் சேதமடைந்தது. அதன் வட்டத் தகட்டை அவரே உட்கார்ந்து நிமிர்த்திச் சரிசெய்தார். ஒரு பாகையின் நீளம் தெற்கிலும் வடக்கிலும் ஒன்றுதானா என்று கண்டறிவது அந்த வேலையின் நோக்கங்களில் ஒன்று. பூமி சுத்தமான உருண்டை அல்ல, துருவங்களில் சற்று அமுங்கியது. அந்த அமுக்கத்தை எண்ணாக்கி, லாம்ப்டனுக்குப் பின் அந்தப் பணியை ஏற்ற எவரெஸ்ட் 1830-இல் வகுத்த புவிவடிவத்தின் மேல்தான் இந்திய நில அளவைப் படங்கள் பல தலைமுறைகளுக்கு வரையப்பட்டன.

இன்று விமானத்துறை வேறு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. 1998 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் விமான நிலைய ஆய எண்கள் டபிள்யூஜிஎஸ்-84 என்ற ஒரே புவிவடிவத்தில் தரப்பட வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்தது. இந்த வடிவத்தில் பூமத்தியரேகை ஆரம் சுமார் 6,378 கி.மீ., துருவ ஆரம் சுமார் 6,357 கி.மீ. பூமியைச் சுத்த உருண்டையாக வைத்துப் போடும் கணக்குக்கும் இதற்கும் அதிகபட்சம் நூற்றுக்கு அரைப் பங்கு அளவே வித்தியாசம் வரும். ஆயினும் 14,000 கி.மீ. வழியில் அது எழுபது கி.மீ.வரை போகலாம். விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் வில் நீள்வது இதைவிட அற்பம், திருச்சி–சிங்கப்பூர் வழியில் ஐந்து கி.மீ. அளவு.

பெருவட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களிடம் இரண்டாவது தவறு குடியேறுகிறது. கணினியில் வரும் பெருவட்ட எண்ணை விமானம் பறக்கும் தூரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். படித்தவர்களிடம் இன்று அதிகம் புழங்கும் பிழை இதுதான். ஸ்கேல் கணக்கைவிட நம்பகமாகத் தோன்றுவதால் இதைக் களைவது கடினம்.

சாலை இல்லாத வெற்றிடம் அல்ல வானம். ஐந்தெழுத்துப் பெயர் கொண்ட குறிப்பிடங்களை இணைத்துப் பாதைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. விமானம் அந்த இடங்களைத் தொட்டுத் தொட்டே போகிறது. கிளம்புவதும் இறங்குவதும் காற்றின் சொற்படி. திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மண்ணை வாரி இறைக்கும்போது, எதிர்காற்றில் எழ வேண்டிய விமானம் மேற்கே பார்த்துத்தான் ஓடும். சிங்கப்பூர் போகிற விமானமும் அப்படியே எழுந்து, பிறகு அரைவட்டம் அடித்துக் கிழக்கே திரும்பும். சாங்கியின் ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு தெற்காக இருப்பவை. வடமேற்கிலிருந்து வரும் விமானம் அங்கே இன்னொரு திருப்பம் போட்டுத்தான் இறங்க முடியும். எந்தப் பெருவட்டக் கணக்கிலும் இந்தத் திருப்பங்கள் சேர்வதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே, கரியமில வாயு வெளியீட்டுக் கணக்கு போடும்போது பெருவட்டத் தூரத்தை அப்படியே எடுப்பதில்லை. 550 கி.மீ.க்குக் குறைந்த வழிகளுக்கு 50, 550 முதல் 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கி.மீ. என்று கூட்டிக்கொள்கிறது. பறக்கும் தூரம் வேறு, வில்லின் நீளம் வேறு என்பதற்கு இதைவிட நேரடியான ஒப்புதல் தேவையில்லை.

இதற்கெல்லாம் மேலாகத் தூரத்தை மாற்றுவது மேலே வீசும் காற்று. ஆடியில் செட்டிகுளத்து வயல்மேல் மேற்கிலிருந்து காற்று அடிக்கும் அதே நேரத்தில், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து கி.மீ. மேலே காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடிக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே வீசும் இந்தக் கீழைக் காற்றோட்டத்தை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் விளக்கினார். ஒரு கணக்கு: காற்றில் மணிக்கு 800 கி.மீ. வேகம் உள்ள விமானம், 2,940 கி.மீ. தள்ளியிருக்கும் துபாய்க்குப் போகிறது என்றும், காற்று மணிக்கு 80 கி.மீ. பின்னாலிருந்து தள்ளுகிறது என்றும் கொள்வோம். 3 மணி 20 நிமிடத்தில் சேர்ந்துவிடும். அதே காற்றை எதிர்த்துத் திரும்பி வர 4 மணி 5 நிமிடம் ஆகும். தரைமேல் தூரம் மாறவில்லை. ஆனால் காற்றுக்குள் விமானம் கடந்த தூரம் போகும்போது சுமார் 2,670 கி.மீ., வரும்போது சுமார் 3,270 கி.மீ. எரிபொருள் செலவாவது காற்றுக்குள் கடந்த இந்தத் தூரத்தின்படிதான். விமானிக்கும் எரிபொருள் கணக்கருக்கும் உண்மையான தூரம் இதுவே.

காற்றுக்காக நீண்ட வழியை வேண்டுமென்றே தேர்ந்த நிகழ்ச்சியும் உண்டு. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அது பசிபிக் வழியாகத் திருப்பிவிடப்பட்டுச் சுமார் 15,300 கி.மீ. பறந்தது. வழி 1,400 கி.மீ. கூடியது, நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணியானது. மேற்கேயிருந்து வீசும் காற்று முகத்தில் அடிக்காமல் முதுகில் தள்ளியதே காரணம். இந்த இரு நிலையங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கி.மீ. மட்டுமே. குறுகிய வழிதான் விரைவான வழி என்பதை இந்த ஒரு பயணமே மறுத்துவிடுகிறது.

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு முதல் நேரடி ஏர் இந்தியா விமானத்தைக் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டி வந்தார்கள். வழி வடதுருவத்தின் மேலே. பெருவட்டம் 71 பாகையோடு திரும்பிவிடும்போது துருவம்வரை ஏறுவது பெரிய சுற்றாகத் தோன்றலாம். கணக்கு எளிது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துருவம் 52.4 பாகை, துருவத்திலிருந்து பெங்களூரு 76.8 பாகை, ஆக 129.2 பாகை. பாகைக்கு 111 கி.மீ.க்குச் சற்று மேல் என்று வைத்தால் சுமார் 14,360 கி.மீ. பெருவட்டத்தைவிடக் கூடுதல் 370 கி.மீ. மட்டுமே. சாதகமான காற்று கிடைத்தால் அது ஈடுகட்டக்கூடிய தூரம்தான்.

அரசுகள் மூடும் வான்வெளியும் தூரத்தை மாற்றுகிறது. 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடி, ஜூலை 16-இல்தான் முழுதாகத் திறந்தது. அந்த மாதங்களில் டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போன விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் மேல் சுற்றிப் போயின. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபின் ஹெல்சின்கி–டோக்கியோ விமானப் பயணம் ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணியளவுக்கு நீண்டது. நிலையங்கள் இடம் பெயரவில்லை, பெருவட்டம் ஒரு மீட்டரும் நகரவில்லை.

இவ்வளவையும் கேட்டபின், தூரம் என்ற சொல்லுக்கே பொருளில்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறே. ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு தூரம் திட்டமாக இருக்கிறது. எது எதற்கு என்பதைச் சொல்லாமல் விடும்போதுதான் குழப்பம். விமானத் தாமதத்துக்கு இழப்பீடு தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, தொகையை 1,500, 3,500 கி.மீ. என்ற எல்லைகளால் பிரிக்கிறது. தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்றும் அந்த விதியே சொல்லிவிடுகிறது. சண்டைக்கு இடமில்லாத, யார் கணக்கிட்டாலும் ஒன்றாகவே வரும் எண் சட்டத்துக்கு வேண்டும், அதனால் அது சரியான தேர்வு. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்குக்குப் பின் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் ஓடியபோது இந்திய அரசு கட்டண வரம்பை ஏழு பிரிவுகளாக வகுத்தது. அதற்கு எடுத்துக்கொண்ட அளவு பறக்கும் நேரம். கிலோமீட்டர் அங்கே கணக்கில் வரவில்லை. பயணியிடம் வாங்கும் பணத்துக்கு நேரமே நெருக்கமான அளவு என்பதால் அதுவும் நியாயமே.

விமானத்துறை தூரத்தைக் கடல் மைலில் எழுதுவதிலும் இந்த வளைவின் அறிவு இருக்கிறது. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்த ஒரு கலையின் நீளமே கடல் மைலாகத் தொடங்கி, 1929-இல் 1,852 மீட்டர் என்று நிலைத்தது. மேற்சொன்ன துருவ வழியின் 129.2 பாகையை அறுபதால் பெருக்கினால் 7,752 கடல் மைல். ஸ்கேலும் வேண்டாம், படமும் வேண்டாம்.

ஆகவே திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று செட்டிகுளத்தில் ஒரு மாணவர் கேட்டால், சரியான பதிலில் மூன்று எண்கள் இருக்கும். குறிப்புப் புள்ளிக்குக் குறிப்புப் புள்ளி பெருவட்டத்தில் சுமார் 2,980 கி.மீ. கரியமிலக் கணக்குக்கு அதோடு 100 கி.மீ. சேர்த்து 3,080. குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒரு விமானம் பறந்த தூரம், அது தரையிறங்கிய பிறகு அதன் பதிவிலிருந்து எடுக்கப்படுவது. முதல் இரண்டையும் வகுப்பறையில் கணக்கிடலாம். மூன்றாவது எண் ஆடியில் ஒன்றாகவும் மார்கழியில் வேறாகவும் இருக்கும்.